கோடையும் கொண்டலும்

தமிழில் காற்றுக்குத் திசைதோறும் ஒரு பெயர் உண்டு. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். முதலிரண்டையும் புலவர்கள் வேண்டுமளவு பாடிவிட்டார்கள். பின்னிரண்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கோடை என்பது வெயிற்காலத்துக்கும் பெயர். கொண்டல் என்பது மேகத்துக்கும் பெயர். மேல்காற்றுக்கு வெயிலின் பெயரையும் கீழ்காற்றுக்கு மேகத்தின் பெயரையும் இட்டவர்கள் எங்கே இருந்துகொண்டு இட்டிருப்பார்கள்? மலையாளக் கரையில் இப்பெயர்கள் பொருந்தா. அங்கே மேல்காற்றுத்தான் மழையைக் கொணர்கிறது. மலைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்து வாழ்ந்தவர்களுக்கே இவை பொருந்தும். அந்த நிலத்தின் தட்பவெப்ப வரலாற்றில் பாதி, இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது.

எடுத்துக்காட்டாகச் சீர்காழியை எடுத்துக்கொள்வோம். காவிரிக் கழிமுகத்தின் வடகிழக்கு மூலையில் இருப்பது இவ்வூர். வடக்கே கொள்ளிடம், கிழக்கே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டருக்குள் வங்கக் கடல். முன்பு தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம் பிறந்தபோது அதனோடு சென்றது. மாவட்டம் மாறிற்றேயன்றி மடை மாறவில்லை. அன்றும் இன்றும் இது கடைமடைப் பகுதி. தண்ணீர் குறைந்தால் கடைசியில் வந்து சேர்வதும், மிகுந்தால் முதலில் தேங்கி நிற்பதும் கடைமடையின் இயல்பு.

2022ஆம் ஆண்டில் இவ்வட்டத்து மக்கள் இரண்டு வெள்ளங்களைக் கண்டார்கள். முதல் வெள்ளம் ஆகஸ்டு மாதம் வந்தது. கொள்ளிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கனஅடி நீர் புரண்டு வந்து, நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் முதலிய ஆற்றோரச் சிற்றூர்களுக்குள் புகுந்தது. அந்த வெள்ளம் சீர்காழி வானத்திலிருந்து விழுந்ததன்று. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை அது. இரண்டாம் வெள்ளம் நவம்பரில் வந்தது. 12ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இம்முறை ஆறு கொணர்ந்ததன்று. தலைக்கு நேர் மேலிருந்தே கொட்டிற்று. ஒரே ஊரை, ஒரே ஆண்டில், இரு வேறு பருவக்காற்றுகள் இரு வேறு வழிகளில் வந்து நனைத்தன. இஃது எவ்வாறு நேர்கிறது?

முதற்காரணம் கதிரவன் என்று எந்தப் பாடநூலும் சொல்லும். சீர்காழி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினோரு பாகையை ஒட்டி இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்டு 23ஐ ஒட்டியும், நண்பகலில் கதிரவன் நம் உச்சிக்கு நேராக வருகிறான். அன்று நட்டு வைத்த கோலுக்கு நிழல் இராது. மாணவர்களைப் பள்ளி முற்றத்தில் நிறுத்தி இதனைக் காட்டுவது எளிது. ஏப்ரலில் தேர்வு நெருக்கடியும் ஆகஸ்டில் மேக மூட்டமும் இடையூறு செய்வதால் காட்டுகிறவர்கள் குறைவு. இரு நாளிலும் கதிரவன் ஒரே உயரத்தில் நிற்க, சித்திரை வெயில் மட்டும் ஏன் சுட்டெரிக்கிறது, ஆவணி வெயில் ஏன் சற்றே தணிந்திருக்கிறது? கதிரவனை மட்டும் வைத்து ஒரு நாட்டின் தட்பவெப்பத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இக்கேள்வியே போதும்.

அடுத்தது நிலமும் நீரும். சித்திரை நண்பகலில் பூம்புகார்க் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பத்தடி தள்ளி அலையில் கால் வைத்தால் குளிர்கிறது. ஒரே வெயில்தான் இரண்டின் மேலும் விழுகிறது. ஆயினும் ஒரு கிலோ மணலைச் சூடேற்றுவதைப்போல் நாலைந்து மடங்கு வெப்பம் ஒரு கிலோ நீரைச் சூடேற்ற வேண்டும். மேலும் கடல் தான் பெற்ற வெப்பத்தை ஆழத்துக்குப் பங்கிட்டுக்கொள்கிறது. மணலோ மேற்பரப்பிலேயே வைத்துக்கொள்கிறது. பகலில் சுட்ட நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் விரைந்து குளிர்ந்துவிட, காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. பாய்மரக் கட்டுமரம் செலுத்திய நாளில், விடியுமுன் நிலக்காற்றைப் பிடித்துக் கடலுக்குள் சென்று, பிற்பகலில் கடற்காற்றோடு கரை திரும்பிய மீனவர்கள் இந்தப் பௌதிகத்தை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

இந்த அன்றாடக் கடற்காற்றையே ஆண்டு முழுமைக்கும், ஆசியக் கண்டம் முழுமைக்கும் பெரிதாக்கிப் பார்த்தால் பருவக்காற்றின் அடிப்படை விளங்கிவிடும். வால்மீன் ஒன்றுக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற ஹாலி என்னும் ஆங்கில அறிஞர், 1686இல் வெளியிட்ட கட்டுரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஆனால் இவ்விளக்கத்தின்படி காற்று நேர் தெற்கிலிருந்து வடக்கே அல்லவா வீச வேண்டும்? தென்மேற்கிலிருந்து ஏன் வருகிறது? இதற்கு விடை கூறும் வழியை 1735இல் ஹாட்லி என்பவர் திறந்தார். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வரும் காற்று வலப்புறமாகத் திரும்பிவிடுகிறது. தென் அரைக்கோளத்தில் தென்கிழக்குக் காற்றாக இருந்தது, நம் பக்கம் வந்ததும் தென்மேற்குக் காற்றாகிறது. திபெத்தியப் பீடபூமி கோடையில் சூடேறுவதும், அதன் தெற்கே வானில் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக விரையும் காற்றாறும் இதற்கு வலுவூட்டுகின்றன. அந்த உயர்வானக் காற்றாற்றை 1958இல் விரித்துரைத்தவர் கோட்டீஸ்வரம் என்னும் இந்திய வானிலை அறிஞர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

இனி மலைக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று சராசரியாக ஜூன் முதல் நாள் கேரளக் கரையைத் தொடுகிறது. தொட்ட மாத்திரத்தில் அதன் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. மேலேற வேண்டிய கட்டாயத்தால் காற்று ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று தான் சுமந்து வந்த நீராவி முழுவதையும் வைத்துக்கொள்ள முடியாமல் மழையாக இறக்கிவிடுகிறது. கன்னட நாட்டு ஆகும்பே ஆண்டுக்கு 700 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெறுவது இதனாலேயே. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டு மீண்டும் சூடேறுகிறது. வெறுங்கையோடு, சூடாக, விசையாக வருகிறது. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று இதுதான். நம் முன்னோர் கோடை என்றதும் இதைத்தான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றால் தமிழகக் கடற்கரை ஏன் மழை பெறுவதில்லை என்ற வினாவுக்கு, மழை மறைவுப் பிரதேசம் என்று இரண்டு சொல்லில் மாணவர்கள் விடை எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அது பாதி விடையே. அக்காற்றுக்கு வங்கக் கடல் கிளை என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த மலையும் மறிக்கவில்லை. அந்தக் கிளை நம் கரைக்கு ஏறத்தாழ இணையாகவே ஓடி, வங்காளத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பிக் கங்கைச் சமவெளிக்குள் நுழைகிறது. அரபிக்கடல் கிளை மலையில் இறக்கிவிட்டு வருகிறது. வங்கக் கடல் கிளை வாசலைக் கடந்து போகிறது. இரண்டுமாகச் சேர்ந்தே நம்மை வெயிலில் விடுகின்றன. முற்றும் வறட்சி என்றும் எண்ணிவிட வேண்டா. ஆடி, ஆவணி மாலைகளில் கடற்காற்றும் மேல்காற்றும் எதிர்கொள்ளுமிடத்தில் இடியோடு மழை பெய்வதுண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இவ்வகையில் கழிமுகத்துக்குக் கிடைப்பது 25 முதல் 30 சென்டிமீட்டர். நெல் வளர்க்க அது போதாது.

போதாததை இட்டு நிரப்புவதே காவிரி. மலையின் மேற்கு முகத்தில் பெய்த மழை பெரும்பாலும் அரபிக்கடலுக்கே ஓடிவிடுகிறது. ஆனால் தலைக்காவிரி, முகட்டை ஒட்டி, 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கிழக்கு நோக்கிய சரிவில் இருக்கிறது. கபினியும் ஏமாவதியும் அவ்வாறே. முகட்டைத் தாண்டிச் சிந்தும் மழையை இவை ஏந்திக்கொண்டு, 800 கிலோமீட்டர் நிலத்தைக் கடந்து நமக்குக் கொண்டுவந்து தருகின்றன. வானம் வெளிறிக் கிடக்க ஆறு மட்டும் நுங்கும் நுரையுமாகப் பெருகும் ஆடிப் பதினெட்டின் மருமம் இதுவே. மலை நமக்கு மறுத்த மழையை ஆறு கொணர்ந்து தருகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரம் ஆகாது, கணக்கும் அதுவே.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், இந்த நீர் ஒரு நாட்குறிப்புக்கு உட்பட்டது. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கனஅடி. ஜூன் 12 அணை திறக்கும் நாள் என்பது வழக்காயிற்று. வழக்கு எப்போதும் வாய்ப்பதில்லை. 2016இல் செப்டம்பர் 20ஆம் நாள்தான் திறந்தார்கள். 2017இல் அக்டோபர் 2. மாறாக 2022இல் மே 24ஆம் நாளே திறந்துவிட்டார்கள். மேல்நாட்டு அணைகளும் நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் இதில் கலந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். அது தனிப் பேச்சுக்குரியது. ஆயினும் மேல்நாட்டில் மழை பொய்த்த ஆண்டில் எந்தத் தீர்ப்பும் ஆற்றை நிறைத்துவிடாது என்பதை மட்டும் மறக்கலாகாது.

செப்டம்பர் பிற்பகுதியில் கதிரவன் நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே செல்கிறான். வடக்கே கண்டம் குளிரத் தொடங்குகிறது. காற்றின் திசை மெல்ல மாறுகிறது. அக்டோபர் 20ஐ ஒட்டி நம் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதாகக் கணக்கு. கண்டத்திலிருந்து வரும் காற்று இயல்பில் வறண்டது. ஆனால் நம்மிடம் வருமுன் அது வங்கக் கடலின் மேல் நெடுந்தொலைவு தவழ்ந்து, வெதுவெதுப்பான நீரிலிருந்து ஆவியை உண்டு, கொண்டலாகிவிடுகிறது. கோடியக்கரையிலிருந்து பழவேற்காடு வரை நம் கரை அக்காற்றுக்கு முகங்காட்டி நிற்கிறது. ஈழத்தில் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் இதே கதை. மேற்குக் கரையிலுள்ள கொழும்பு தென்மேற்குக்கு உரியது. ஒரு சிறு தீவே இரண்டு பருவங்களாகப் பிரிந்துகிடக்கிறது.

தமிழகம் முழுமைக்கும் ஓராண்டில் பெய்யும் மழை சராசரி 92 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி, 44 சென்டிமீட்டர், அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. சீர்காழி போன்ற கரையோரப் பகுதிகளில் இம்மூன்று மாதப் பங்கு 90 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடும். ஐப்பசி அடைமழை என்று சொல்கிறோமே, அது எப்படிப் பெய்கிறது? தென்மேற்குப் பருவத்தில் மலை என்னும் நிலையான ஒரு தடை இருக்கிறது. காற்று வந்தால் மழை உறுதி. நம் கரையிலோ மலை உள்ளே தள்ளி இருக்கிறது. காற்று வெறுமனே வந்தால் தூறலோடு போய்விடும். அதை மேலே தூக்கிவிட ஏதேனும் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கடலில் பிறக்கும் காற்றழுத்தத் தாழ்வு. ஆகவே வடகிழக்குப் பருவமழை என்பது நாள்தோறும் வரும் மழையன்று. சில தாழ்வுகள், சில நாள்கள், இடையிடையே நல்ல வெயில். மூன்று தாழ்வுகள் வர வேண்டிய இடத்தில் ஒன்று வழிமாறி ஆந்திரக் கரைக்கோ பர்மாவுக்கோ போய்விட்டால், நம் பருவம் சுருங்கிவிடும். எதிர்பாராமல் ஒன்று நம் தலைமேல் நின்றுவிட்டால் பருவத்தின் பாதி ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

2022 நவம்பரில் நேர்ந்தது இதுவே. அன்று வந்தது புயல்கூட அன்று. பெயர் சூட்டப்பெறாத வெறும் காற்றழுத்தத் தாழ்வு. 2008இல் காரைக்கால் அருகே கரைகடந்த நிஷா, 2018இல் வேதாரணியத்தருகே வந்து தென்னையை வேரோடு சாய்த்த கஜா போன்ற பெயர்களை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். பெயரில்லாதது ஓரிரவில் பெய்ததை எண்ணிப் பாருங்கள். தமிழகம் முழுமைக்கும் மூன்று மாதத்துக்குச் சராசரியாக எவ்வளவோ, அவ்வளவு சீர்காழிக்கு ஒரு நாளில். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். 44 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 18 லட்சம் லிட்டர். பன்னீராயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூற்றைம்பதை ஒவ்வோர் ஏக்கரிலும் கவிழ்த்ததற்கு ஒப்பு. நட்டு நாற்பது நாளும் ஆகாத சம்பாப் பயிர் அதனடியில் கிடந்தது. பயிருக்கும் மூச்சு உண்டு. சாதாரண நெல் முழுவதும் மூழ்கி ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் பிழைப்பது அரிது.

இத்தகைய பெருமழை இனி மிகுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஒன்று உறுதியாகச் சொல்லலாம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும். உலகமும் வங்கக் கடலும் வெப்பமேறி வருவது அளந்தறிந்த உண்மை. பெரிய குடத்திலிருந்து கவிழ்வது பெரிய அளவாகவே இருக்கும். எனினும் 2022 நவம்பர் மழை முழுவதையும் இதன் தலையில் சுமத்துவது முறையன்று. நம் கரை பழைய நாளிலிருந்தே இத்தகையவற்றைக் கண்டிருக்கிறது. ஊழிவெள்ளத்தில் இறைவன் தோணியேறி வந்து தங்கிய இடம் என்று கூறித் தோணிபுரம் என்ற பெயரும் சீர்காழிக்கு உண்டு. புராணத்தை வானிலைச் சான்றாக நான் காட்டவில்லை; ஊரின் நினைவில் வெள்ளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கே சொல்கிறேன்.

நம் மழைக்குத் தொலைவிலிருந்து கட்டளையிடுவன சிலவும் உண்டு. பெரு நாட்டுக் கரையில் பசிபிக் கடல் சில ஆண்டுகளில் வழக்கத்துக்கு மேல் சூடேறுகிறது. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அந்நாட்டு மீனவர்கள் அதனைக் குழந்தை இயேசு என்ற பொருளில் எல் நினோ என்றார்கள். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், இந்தியப் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று உலகெங்கும் உள்ள அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது, பசிபிக்கின் இரு புறத்துக் காற்றழுத்தம் துலாத்தட்டுப் போல் ஏறியிறங்குவதைக் கண்டார். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் நலிவது பெரும்பான்மை. வியப்பு என்னவெனில், அதே ஆண்டுகளில் நம் வடகிழக்குப் பருவம் வலுப்பெறுவதும் பெரும்பான்மை. 2015இல் நாட்டின் தென்மேற்கு மழை நூற்றுக்குப் பதினான்கு குறைந்தது. அவ்வாண்டு இறுதியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. ஆகவே குடகுக்குக் கெட்ட ஆண்டு சீர்காழி வானத்துக்கு நல்ல ஆண்டாகலாம். ஆறும் வானமும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்கின்றன என்று மகிழத் தோன்றும். 2016 அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தது. அவ்வாண்டு காவிரியும் வரவில்லை. வடகிழக்குப் பருவமழையும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. கழிமுகத்துச் சம்பா நின்ற நிலையிலேயே காய்ந்தது. ஆக, வாக்கர் தந்தது ஒரு சாய்வேயன்றி விதியன்று.

மழையளவைவிட அதன் காலமே கழிமுக விவசாயிக்கு உயிர்நாடி என்பது என் கருத்து. நம் குறுவை, சம்பா, தாளடி என்னும் மூன்றும் இரு பருவக்காற்றுகளின் சந்திப்பைச் சுற்றி அமைந்தவை. ஜூனில் ஆறு வந்தால் குறுவை, மேல்நாட்டு மழையில் விளைந்து, புரட்டாசியில் வெயில் காயும்போதே அறுவடையாகிவிடும். ஆற்றுநீர் ஒரு மாதம் பிந்தினால் அறுவடையும் பிந்தும். கதிர் சாயும் நாளில் கொண்டல் வந்துவிடும். களத்து நெல் முளைவிடும். ஒரு பருவத்தின் வால் மற்றொரு பருவத்தின் தலையைத் தொடாமல் இடையே நாலைந்து வாரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளியே குறுவைக்காரரின் முதல். ஆண்டுச் சராசரி அட்டவணையில் இவ்விடைவெளி தென்படாது. அட்டவணைப்படி நிறைவான ஆண்டிலும் வீடு நிறையாமற் போவது இதனாலேதான்.

வானிலைத் துறையார் இன்று செயற்கைக்கோளாலும் கணிப்பொறியாலும் ஒரு தாழ்வின் போக்கை மூன்று நான்கு நாள் முன்னரே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அது மக்களைக் காக்கும், மாட்டைக் காக்கும், பயிரைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. சம்பா விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆவணியில். கார்த்திகை எப்படி இருக்கும் என்று ஆவணியில் எவராலும் திட்டமாகச் சொல்ல இயலாது. ஆதலால் நீர் தேங்கும் வயலுக்குச் சி.ஆர். 1009 போன்ற நீண்டநாள் வகையை நம் பக்கத்தார் வெகுநாளாக விரும்பி வந்திருக்கிறார்கள். ஒடியா நாட்டுப் பழைய நெல் ஒன்றிலிருந்த மூழ்கினாலும் சாகாத பண்பை அதற்குள் புகுத்தி, சி.ஆர். 1009 சப்-1 என்ற வகை இப்போது வந்துள்ளது. அது ஏறத்தாழ இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்தும் மறுபடி தளிர்க்கும். இரண்டு வாரத்துக்குள் நீர் வடிந்தாக வேண்டும். அது வயலைவிட உப்பனாற்றின் முகத்துவாரத்தைப் பொறுத்தது: கரை நோக்கி வீசும் கொண்டலோ பருவத்து ஏற்றமோ கடலை உயர்த்தி நிறுத்தியிருந்தால், வடிகாலுக்குப் போக இடமில்லை, கடல் இறங்கும்வரை வெள்ளம் வயலிலேயே காத்திருக்கும்.